சிவப்பாக வந்த எட்டு வரிகள்

மார்ச் 3, செவ்வாய்

பணியின் கடைசி ஆண்டில் ஒரு மாணவி கேட்ட கேள்வி இன்று பல் துலக்கும்போது நினைவுக்கு வந்தது. சம உயரக் கோடுகள் பற்றிய பாடம். கரும்பலகையில் மலையை வரைந்து, அதன் மேல் வளையம் வளையமாகக் கோடு போட்டேன். அவள் எழுந்து, "சார், இந்தக் கோடெல்லாம் மலைல எங்க இருக்கு? நான் போயிருக்கேன், ஒண்ணையும் பாக்கலையே" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும்தான். கோடு மலையில் இல்லை, மலையைப் புரிந்துகொள்ள நாம் போட்டது என்று சொல்லி உட்கார வைத்தேன். நல்ல கேள்விக்குச் சுமாரான பதில்.

ஓய்வுக்குப் பிறகு நான் செய்வதும் கிட்டத்தட்ட கோடு போடும் வேலைதான். பாட்டைப் படமாக்குகிறேன். லேப்டாப்பில் ஒரு செயலி இருக்கிறது. ஒரு பாட்டைக் கொடுத்தால் அதன் ஏற்ற இறக்கங்களை எண்களாகப் பிரித்துத் தரும். எந்த எண்ணுக்கு என்ன உருவம், என்ன நிறம் என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். கனத்த ஒலிக்கு அகலமான அலை. மெல்லிய ஒலிக்குத் தூறல். தாளம் விழும் இடத்தில் குளத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு வளையம். முடிந்ததும் இணையத்தில் என் பக்கத்தில் வெளியிடுகிறேன். முந்நூற்று நாற்பது பேர் தொடர்கிறார்கள். என் மனைவி இதை "உங்க வாணவேடிக்கை" என்கிறாள்.

இன்று வெளியிட்டது எங்கள் சலவை இயந்திரம் சுற்றும் ஓசை. பத்து நிமிடத்தில் அக்காவிடமிருந்து போன்.

"டேய், கடைசில துணி பிழியும்போது அந்த ஆரஞ்சு வளையம் நல்லா இருந்துது. ஆனா உன் மெஷினுக்குப் பேரிங் போயிடுச்சு, ஆளக் கூப்பிடு."

முப்பத்தாறு ஆண்டுகள் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். அவள் காதுக்குத் தப்பியது எதுவும் கிடையாது. நான் வெளியிடும் ஒவ்வொன்றையும் முதலில் பார்ப்பவளும் அவள்தான்.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டு தெரு தள்ளியிருக்கும் பொதுக்கூடத்தில் அக்கா பாடும் சேர்ந்திசைக் குழுவின் ஒத்திகை. ஏப்ரல் 25 அன்று ஆண்டுவிழா. நானே வலியப் போய் அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்தேன். குழுவை நடத்துபவருக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'கைக்கடிகாரம்'. கையசைத்துக்கொண்டே மணி பார்ப்பவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

படகைப் பற்றிய ஒரு நீண்ட பாட்டு. கூடத்தின் பழைய பியானோ தொடங்கி வைக்கிறது. இருபது பேரும் பாடுகிறார்கள். நடுவில் எல்லாம் நின்றுவிடுகிறது, பியானோ உட்பட. அந்த அமைதிக்குள் அக்கா மட்டும் எட்டு வரிகள் பாடுகிறாள். எந்தத் துணையும் இல்லை. ஆற்றின் நடுவே துடுப்பை எடுத்துவிட்ட மாதிரி.

அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தனியாகப் பாடுகிறாள். "இருபது வருஷமா ரெண்டாவது வரிசைல ஒளிஞ்சிட்டு இருந்தேன். இப்பத்தான் கைக்கடிகாரத்துக்கு மணி ஆச்சு" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து பார்த்து நாளாயிற்று.

மார்ச் 12, வியாழன்

நான்கு நாட்களாக இதே வேலை. இருபது குரல் சேர்ந்து வரும் இடத்தில் தனித்தனியாகக் கோடு பிரிக்க முடியாது. அங்கே நிறத்திட்டுகள் மட்டும் போட்டேன், நீலமும் பச்சையும் கலந்து. ஆனால் ஒற்றைக் குரல் வரும் எட்டு வரிகளில் சுருதியின் உயரத்தையே கோடாக வரையலாம். பின்னால் ஏணிப்படி மாதிரி மெல்லிய கிடைக்கோடுகள், ஒரு சுரத்துக்கு ஒன்று. குரல் படியின் மேல் நின்றால் வெள்ளை. படியை விட்டு விலகினால் சிவப்பு.

ஓட்டிப் பார்த்தபோது எட்டு வரியும் ஏறக்குறைய முழுக்கச் சிவப்பாக வந்தது. கறுப்புப் பின்னணியில் ஒரு சிவப்புக் கோடு தனியாக நீந்திப் போகிறது. பார்க்க மிக அழகு. வயதான குரல்தானே, கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

மார்ச் 14, சனி

வெளியிட்டுவிட்டேன். படத்துக்குக் கீழே வழக்கம்போல் குறிவிளக்கம்:

நீலத்திட்டு – ஆண் குரல்கள். பச்சைத்திட்டு – பெண் குரல்கள். வெள்ளைக்கோடு – சரியான சுருதி. சிவப்புக்கோடு – சுருதி விலகிய இடங்கள்.

குறிவிளக்கம் இல்லாத வரைபடத்துக்கு நான் ஒருநாளும் முழு மதிப்பெண் போட்டதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா இன்னும் கூப்பிடவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

இதுவரை நான் வெளியிட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது இதுதான். ஆயிரத்து எழுநூறு. நேற்று அதில் பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கீழே கருத்துகள். 'நீலமீன்' என்று ஒருவர்: "தனியா பாடுறவங்க ஒரு இடம்கூட விடாம தப்பா பாடுறாங்களே. பாவம், யாரும் சொல்லலையா?" அதற்கு நாற்பத்துமூன்று பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். இன்னொருவர்: "எட்டுக்கு எட்டு ஃபெயில்." சிரிப்பு முகங்கள்.

பதினொரு மணிக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா."

"வேண்டாம். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். போடறதுக்கு முன்னாடி நீ பாத்தியா, பாக்கலையா?"

"பாத்தேன்."

"எல்லாம் செவப்பா இருந்துதா?"

"இருந்துது. ஆனா அழகா இருந்துதுக்கா—"

"அழகா." தலையை ஆட்டினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல. கீழ எழுதணும்னு மட்டும் தோணியிருக்கு. வாத்தியார் புத்தி. ரிட்டயர் ஆனப்புறமும் செவப்பு மை தீரல உனக்கு."

என் மனைவி உள்ளிருந்து, "அண்ணி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு—" என்றாள். அக்கா அதற்குள் கேட்டைச் சாத்திவிட்டாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

மார்ச் 18, புதன்

வீடியோவை நீக்கினேன். பார்த்தவர்கள் பார்த்தாயிற்று.

மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "செவப்புன்னு மட்டும் விட்டிருந்தா அது வெறும் நெறம். நீங்கதான அதுக்குப் பேர் வச்சீங்க."

உண்மை. அந்த ஒரு வரியை நான் எழுதாமல் இருந்திருந்தால்? ஆயிரத்து எழுநூறு பேரும் ஒரு சிவப்புக் கோட்டின் அழகைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

ஒத்திகைக்குப் போய் ஓரமாக நின்றேன். அக்கா கடைசி வரிசையில், உயரமான ஒருவருக்குப் பின்னால். எட்டு வரி வரும் இடத்தில் பியானோ நின்றது. யாரும் பாடவில்லை. கைக்கடிகாரம் கையை உயர்த்தியபடியே எட்டு வரிக்கான நேரத்தை எண்ணிக் கடத்திவிட்டு, மற்றவர்களைத் தொடங்க வைத்தார். அந்த இடைவெளி இருக்கிறதே— நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். "தனக்கு வேண்டாம், வேற யாருக்காவது குடுங்கன்னுட்டாங்க. இந்தக் குழுல வேற யாருக்குக் குடுக்கறது? என்ன சார் பண்ணிட்டீங்க?"

சொன்னேன். மணி பார்த்தார். நோட்டுகளை அடுக்கப் போய்விட்டார்.

மார்ச் 28, சனி

நடந்ததை வரிசையாக எழுதி வைக்க வேண்டும்.

ஒலிப்பதிவு அன்று கூடத்தில் விட்டுவந்த போன் தாங்கியை எடுக்கப் போனேன். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் வந்திருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டிருந்தார். பியானோவின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தது. எனக்கு இந்த மாதிரி வேலையை நின்று பார்க்கப் பிடிக்கும்.

அவர் கையில் சுருதி காட்டும் சின்னக் கருவி. ஒரு கட்டையைத் தட்டினார். முள் நடுவில் நிற்காமல் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அவர் அதற்கே திருப்தியாகி அடுத்த கட்டைக்குப் போனார்.

"முள்ளு நடுவுக்கு வரலையே" என்றேன்.

"வராது சார். வர வைக்கவும் கூடாது. கம்பியெல்லாம் ரொம்பப் பழசு. மத்த எடத்துல வைக்கிற உயரத்துக்கு இழுத்தேன்னா பட்டு பட்டுன்னு அறுந்துடும். அதனால வருஷக்கணக்கா மொத்தத்தையும் கொஞ்சம் எறக்கியே வச்சிருக்கேன். ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கும், கேக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எவ்வளவு எறக்கி?"

"பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவுல இருக்கற தூரத்துல மூணுல ஒரு பங்கு. என்ன சார், உக்காருங்க, ஏன் நிக்கறீங்க?"

உட்கார்ந்தேன். என் செயலியின் ஏணிப்படிகள் 'மத்த எடத்துல வைக்கிற' உயரத்தில் இருந்தன. அக்காவுக்குச் சுரம் எடுத்துக் கொடுத்தது இந்தப் பியானோ.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார்.

"பியானோ நின்னப்புறமும் எட்டு வரி அதே எறக்கத்துலயே நின்னாங்களா? நடுவுல நகரலையா?"

"தெரியல. பாக்கணும்."

"நகரலேன்னா அது லேசுப்பட்ட காரியம் இல்ல சார். பெரிய பாடகருங்களுக்கே ரெண்டு வரில வழுக்கும்."

மார்ச் 29, ஞாயிறு

பார்த்தேன். எல்லாப் படிகளையும் மூன்றில் ஒரு பங்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன்.

வெள்ளை. முதல் வரியிலிருந்து எட்டாவது வரிவரை.

ஒருமுறை தேர்வுத்தாள் திருத்தும்போது முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே கேள்வியில் பூஜ்யம் போட்டிருக்கிறேன். முப்பத்தெட்டாவது தாளில்தான் சந்தேகம் வந்தது: எல்லோரும் ஒரே மாதிரி தப்புச் செய்வார்களா? விடைக்குறிப்பை எழுதியவன் நான். அதில்தான் தப்பு. அன்று அத்தனை தாளையும் அடித்துத் திருத்தினேன், மாணவர்கள் கைக்குப் போகும் முன்பே.

இங்கே தாளைக் கொடுத்துவிட்டேன். அதுவும் ஊருக்கெல்லாம் காட்டி.

ஏப்ரல் 2, வியாழன்

மூன்று நாள் தயங்கிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன், லேப்டாப்புடன். அக்கா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பியானோ கதையைச் சொன்னேன். வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். கத்தியைக் கீழே வைக்காமல் கடைசிவரை பார்த்தாள்.

"சரி" என்றாள்.

"என்ன சரி? உன் பக்கம்தான் ரைட்டு. நான்தான் தப்பு. கைக்கடிகாரத்துக்கிட்டயும் சொல்லிட்டேன்."

"நீ தப்புன்னு சொன்னப்போ நான் தப்பு. இப்ப நீ ரைட்டுன்னு சொல்றே, அதனால நான் ரைட்டு. அப்படித்தானே?"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ரெண்டு வாரமா நெஜம்னு நம்பிட்டேன்டா. என் காது போச்சுன்னு. லைன்ல 'அலோ' சொல்ற தினுசுலயே ஆள் யாருன்னு சொன்னவ நான். குளிக்கும்போது பாடிப் பாத்தேன். பாட்டு கேக்கல. கண்ணு முன்னாடி அந்தக் கோடுதான் ஓடுது. இப்ப செவப்பா இருக்குமா, இப்ப வெள்ளையா இருக்குமான்னு. வாயத் தொறந்தா கோடு. இத எப்படி அழிப்ப?"

"அக்கா..."

"பெருசா மன்னிப்பு கேட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. பாக்கச் சகிக்கல. உனக்கும் வாய் இருக்குல்ல? அந்த எட்டு வரிய நீ பாடு. பாடி, உன் ஏணில ஏத்தி, ஊருக்குக் காட்டு. அப்பத் தெரியும்."

பீன்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டாள். லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வந்தேன். தெருவில் நடக்கும்போது அது கல் மாதிரி கனத்தது.

ஏப்ரல் 4, சனி

என் பக்கத்தில் எழுதினேன்: "சென்ற மாதம் வெளியிட்ட படத்தில் சிவப்பு என்று நான் குறித்தது பாடியவரின் பிழையல்ல, என் அளவுகோலின் பிழை. அவர் ஒரு சுரம்கூட விலகவில்லை." நீக்கிய வீடியோவை ஆயிரத்து எழுநூறு பேர் பார்த்தார்கள். இதை இருபத்தாறு பேர் படித்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

எதையும் வரையத் தோன்றவில்லை. மெக்கானிக் வந்து பேரிங்கை மாற்றிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 11, சனி

அக்கா கோபத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு வாரமாக அது மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இன்று மனைவி வேலைக்குப் போனதும் சன்னல்களைச் சாத்திக்கொண்டு பாடினேன்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் காலை வணக்கத்தின்போது மைக்கிலிருந்து தள்ளி நிற்கும்படி தலைமையாசிரியரே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் வரியை நான்கு முறை எடுத்தேன். மூன்றாவது வரியில் ஏற வேண்டிய இடத்தில் குரல் ஏறவில்லை, படிக்கட்டில் கால் தடுக்கியவன் மாதிரி கீழே வந்துவிட்டது. ஏழாவது வரியில் பக்கத்து வீட்டு நாய் சேர்ந்துகொண்டது. அதன் சுருதி பரவாயில்லை.

இந்த முறை ஏணியைப் பியானோவின் உயரத்துக்கு இறக்கி வைத்தேன். சாக்குச் சொல்ல வழியில்லை. படம் வந்தது. ஒரே சிவப்பு. கோடு என்றும் சொல்ல முடியாது, கிறுக்கல். ஏழாவது வரியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. அது நாய்.

குறிவிளக்கத்துடன் வெளியிட்டேன்: "சிவப்பு – நான். வெள்ளை – பக்கத்து வீட்டு நாய்."

வெளியிடும் பொத்தானை அழுத்த முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா எதைச் சொன்னாள் என்று அந்த முக்கால் மணி நேரத்தில் புரிந்தது. அவளுக்கு அந்த முக்கால் மணி நேரத்தைக்கூட நான் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை எட்டு மணிக்குப் போன். எடுத்தால் பேச்சு இல்லை, சிரிப்பு மட்டும். மூச்சு வாங்கச் சிரிக்கிறாள்.

"அந்த நாய்க்குத் தனியா ஒரு பாட்டு குடுக்கச் சொல்லணும் கைக்கடிகாரத்துகிட்ட."

"குடுக்கட்டும்."

"நாலு தடவ பாத்துட்டேன். நீலமீன் என்ன எழுதியிருக்கான் பாத்தியா? 'தைரியசாலி'ன்னு." மறுபடி சிரிப்பு. பிறகு குரல் மாறியது. "ஆனா டேய், மூணாவது வரிய ஏன் அப்படிக் கொலை பண்ணியிருக்க? 'கரை தெரியலை'ல எறங்கவே கூடாது. அங்கயே நிக்கணும்."

"நின்னேனே."

"எங்க நின்ன, பொத்துனு விழுந்த. இப்படி வரணும்—"

பாடினாள். மூன்றாவது வரி.

"நாலாவதுல நீ அவசரப்படற. நிதானமா, இப்படி..."

நாலாவது. அந்த இழுப்பில் ஐந்தாவதும் வந்தது. ஆறாவது. எட்டுவரை போய்த்தான் நின்றாள். லேப்டாப் கைக்கெட்டும் தூரத்தில் திறந்தே இருந்தது. தொடவில்லை.

"புரிஞ்சுதா?" என்றாள்.

"இன்னொரு தடவ சொல்லிக் குடு."

"போடா, வேல கெடக்கு" என்று வைத்துவிட்டாள்.

கோடு தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கண்முன் அது வந்திருக்கும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஒத்திகைக்கு நான் போகவில்லை. மதியம் கைக்கடிகாரத்திடமிருந்து ஒரு செய்தி: "இன்னிக்கு எட்டு வரிக்கு நான் எண்ண வேண்டி வரல."

ஏப்ரல் 25, சனி

ஆண்டுவிழா. நானும் மனைவியும் ஐந்தாவது வரிசையில். பியானோ நின்றது. அக்கா ஓரடி முன்னால் வந்தாள். கூடத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, அப்புறம் அதுவும் இல்லை. பாடினாள்.

ஆறாவது வரியில் குரல் கொஞ்சம் நடுங்கியதாக எனக்குத் தோன்றியது. மனைவியிடம் கேட்டேன். "எனக்குத் தெரியல, நான் அழுதிட்டு இருந்தேன்" என்றாள். பதிவு என்னிடம் இருக்கிறது. அளந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாள். "சனிக்கெழம பாடினத படமா போடறியா, இல்ல பயந்துட்டியா?"

"பயந்துட்டேன்."

"நல்லது. கொஞ்சம் பயம் இருக்கட்டும். நான் பக்கத்துல இருக்கேன், போடு."

ஏணி வேண்டாம் என்று இருவருமே சொல்லவில்லை, ஆனால் யாரும் அதைத் திறக்கவில்லை. சத்தத்தின் அளவுக்கு ஏற்ப வெளிச்சம் கூடிக் குறைகிற மாதிரி செய்து காட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"வரிக்கும் வரிக்கும் நடுவுல ஏன் இருட்டா விட்டிருக்க?"

"அங்க சத்தம் இல்லையே. நீ மூச்சு எடுக்கற."

"அதான்டா முக்கியம். எக்ஸ்சேஞ்சுல ஒருத்தர் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு கேக்கும். நல்ல சேதியா கெட்ட சேதியான்னு அதுலயே தெரிஞ்சிடும். நீ அதப் போய் காலி எடம்னு விட்டிருக்க."

அந்த மெல்லிய ஒலிகளை மட்டும் பிரித்தெடுக்க இரண்டரை மணி நேரம் ஆனது. அக்கா அசையவில்லை. காது வைத்துக் கேட்டு, "இங்க ஒண்ணு. இங்க அரை மூச்சு" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். எட்டு வரிக்குள் பதினொரு மூச்சுகள். குரல் வரும் இடமெல்லாம் கறுப்பாக விட்டு, மூச்சு வரும் இடத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் விரிந்து அடங்கும்படி வைத்தோம். நிறம் அவள் சொன்னது: விடிகிற நேரத்துச் சாம்பல்.

கீழே என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"நீ வாத்தியார்தானே, பசங்களுக்கு ஏதாவது வேல குடுப்பியே, அதக் குடு" என்றாள்.

இப்படி எழுதினேன், அவள் படித்துவிட்டுத் தலையசைத்த பிறகு வெளியிட்டேன்:

"முதல்முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாடுபவர் எத்தனை முறை மூச்சு எடுக்கிறார் என்று விரல்விட்டு எண்ணுங்கள். படத்தை அதற்குப் பிறகு பாருங்கள்."